கெல்வே பயப்படாத ஒரே கோபுரம்

ஆம்ப்ரோஸ் கெல்வே போன மாதம் இறந்துபோனார். விஸ்பீச் ஊரில், செருப்புக்கடை மாடியில், எழுபத்தொன்பது வயதில். பத்திரிகையில் ஐந்து வரி போட்டிருந்தார்கள். கட்டடக் கலைஞர், கட்டட வரலாறு எழுதியவர், கல்யாணம் ஆகாதவர், நாற்பத்திரண்டு கிறிஸ்தவக் கோயில்களைப் பார்த்துக்கொண்டவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஐந்தாவது வரியில் 'இவரது அலட்சியத்தால் ரீட்னி கோபுரம் விழுந்தது' என்று எவனோ முடித்திருந்தான். அலட்சியம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷருக்குப் பயம் தெரியும், கூச்சம் தெரியும், சைக்கிள் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியும். அலட்சியம் மட்டும் தெரியாது.

நான் வினிஃப்ரெட் ஸ்கீல்ஸ். ரீட்னி புனித குத்லாக் கோயிலின் சாவிக்கொத்து இருபத்தெட்டு வருஷம் என் இடுப்பில் கிடந்தது. பெருக்குவது, பூ வைப்பது, பித்தளை துலக்குவது எல்லாம் நான்தான். கட்டடக் கலையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவரைப் பற்றித் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அந்த ஐந்து வரியையே படித்துக்கொள்ளலாம்.

அவர் அப்பா சவப்பெட்டி செய்கிற தச்சர். பையனைப் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பழக விட்டார். வாரம் ஆறு நாள் அங்கே கோடு போடுவது, ஏழாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சதுப்பு நிலமெங்கும் சுற்றிக் கோயில் கோயிலாக அளப்பது. இத்தனைக்கும் உயரம் என்றால் அவருக்கு உயிரே போய்விடும். ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். மேலே போனதும் சுவரைத் தொட்டுப் பார்த்து, தொட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பார். என் வீட்டுக்காரர் வால்டர் உயிரோடு இருந்தவரை இவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். "எதுக்குய்யா இந்த வேலைக்கு வந்தீங்க, தபால்காரரா போயிருக்கலாமே" என்று வால்டர் கேட்டால், "நாய்னாலும் எனக்குப் பயம்" என்பார்.

போர்க்காலத்தில் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். குண்டு விழுந்த தெருக்களில் நடந்து எந்த வீடு நிற்கும், எதை இடிக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் கதவில் குறிப்பது வேலை. நிற்கும் என்று அவர் குறித்த ஒரு வீடு மூன்றாம் நாள் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. பூனையைத் தேடப் போன ஒரு கிழவர் ஐந்து நிமிடம் முன்னால்தான் வெளியே வந்திருக்கிறார். யாரும் சாகாத அந்த வீட்டை நினைத்து அவர் சாகும்வரை பயந்தார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

திரும்பி வந்தபின் நம் பக்கத்துக் கோயில்களெல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தன. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் வந்து கூரை முதல் சாக்கடைவரை பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சபையின் சட்டம். மற்றவர்கள் அரை நாளில் முடித்து ஆட்டுக்கறி சாப்பிடப் போய்விடுவார்கள். இவர் மூன்று நாள் பார்ப்பார். பார்த்துவிட்டு, மூடுங்கள் என்பார். கிறிஸ்துமஸ் நாடகத்தன்று கூடத்து மேடையை மூடினார். அறுவடை நன்றித் திருநாளன்று பக்கத்து ஊர்க் கோயிலின் மாடத்தை மூடினார். ஒரு கல்யாணத்தைக் கொட்டும் மழையில் கல்லறைத் தோட்டத்தில் நடத்த வைத்தார். ஊரில் அவருக்கு 'மூடு கெல்வே' என்றே பெயர். அவர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் பாதிரியார்கள் பின்வாசல் வழியாக நழுவுவார்கள்.

எங்கள் கோபுரத்தை மட்டும் அவர் மூடச் சொன்னதே இல்லை.

ரீட்னி கோபுரம் மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போவார்கள். கெல்வே அதன் காலடியில் உட்கார்ந்துதான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காய ஊறுகாயும் சாப்பிடுவார். பயமில்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான். அதற்குக் காரணம் அவருடைய புத்தகம். பத்தொன்பது வருஷம் உழைத்து எழுதியது. கட்டும்போதே, அறுநூறு வருஷத்துக்கு முன்னால், கோபுரம் சாய்ந்தது. கொத்தர்கள் மேல் வரிசைக் கற்களை நேராக வைத்துச் சாய்வைத் திருத்தினார்கள். அதன்பிறகு அது அசையவே இல்லை. இதுதான் அவர் கண்டுபிடித்தது. ஒவ்வொரு கல்லாக அளந்து கண்டுபிடித்தார். ஒரு பேராசிரியர், இல்லை, அது இன்னும் அசைகிறது என்று எழுதினார். கெல்வே அவரை நாலு பக்கத்தில் பதில் எழுதி உட்கார வைத்துவிட்டார். தச்சர் மகன் பேராசிரியரை ஜெயித்ததில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஜெயித்தாலும் அவர் சாட்சி வைக்காமல் விடவில்லை. 1961-இல், கோபுரத்தின் உள்சுவரில், பூச்சாடி அலமாரிக்கு மேலே இருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். அதில் கறுப்பு மையில் வருஷத்தை எழுதினார். சாட்சிக் கண்ணாடி என்பார். சாட்சி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் எதையோ சுவரில் ஒட்டுகிறார்கள், தூசி தட்டும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

1969 வசந்தத்தில், பேராயர் வருவதற்கு நாலு நாள் முன்னால், அந்தக் கண்ணாடி இரண்டாக உடைந்து பாதி அலமாரியின் மேல் கிடந்தது. காக்கைக் கூட்டம் உள்ளே வந்து எதையாவது தட்டிவிடுவது வழக்கம். காக்கை என்றுதான் நினைத்தேன். இல்லை, முழு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் துடைப்பக் கட்டையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னால் திட்டமாட்டார். முகம் வெளிறி, மூன்று நாள் வந்து உட்கார்ந்து, பேராயர் வரும் நேரத்தில் எதையாவது மூடச் சொல்வார். எதற்கு இந்தச் சின்ன விஷயத்துக்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டும்? எங்கள் ஊரில் யாரும் யாரையும் தொந்தரவு செய்யமாட்டோம். மாரடைப்பு வந்தால்கூட டாக்டர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்போம். வால்டர் தக்காளி வளர்த்த கண்ணாடிக் கொட்டகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சாந்து குழைத்து, அதே இடத்தில் ஒட்டினேன். அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து 1961 என்று எழுதினேன். புது வருஷம் போட்டால் பொய்யாகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

1971-இல் ஆய்வுக்கு வந்தார். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். நான் துலக்கிய பித்தளையையே மறுபடியும் துலக்கினேன். கடைசியில் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "நல்லது, மிஸஸ் ஸ்கீல்ஸ்" என்று போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு 1976 வந்தது. அந்தக் கோடையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மழையே இல்லை. புல் செத்தது. அடுப்பில் போட்டால் எரிகிற எங்கள் கரிமண் வயல்கள் கையை விடும் அளவு வெடித்து, சில இடங்களில் மண்ணுக்கு அடியில் நெருப்பே பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் புகைந்தது. பொறிவண்டுகள் தாகத்தில் ஆளைக் கடித்தன. ஏற்கெனவே பெரிய வடிகால் பம்பு வந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீரும் கூடவே தரையும் இறங்கிக்கொண்டேதான் இருந்தன, அந்த வருஷம் கிணறுகள் சுத்தமாக வற்றின. ஜூலை நடுவில் ஒருநாள் பூச்சாடி எடுக்கப் போனேன். என் கண்ணாடி உடைந்திருந்தது. இந்தக் காக்கைகளை, என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் ஒன்றை வெட்டி ஒட்டினேன். மறுபடியும் 1961.

ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. அன்று எங்கள் மணிக்காரர்கள் முழுவரிசை அடிப்பதாக ஏற்பாடு. கோபுரத்து மணிகள் எட்டு, அடிக்க எட்டுப் பேர், ஐயாயிரம் சொச்சம் தடவை முறை மாற்றி முறை மாற்றி, மூன்று மணி நேரம் நிற்காமல் அடிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லாம் வீண். நடுவில் யாரும் வந்து கெடுத்துவிடக் கூடாது என்று மணியறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வார்கள். தலைவர் ஸிட்னி ஹவ்லெட், பன்றிப் பண்ணைக்காரர், முன்கோபி. ஐந்தாம் மணி என் மகள் ஹெஸ்டர். இருபத்திரண்டு வயது, அவளுக்கு அதுதான் முதல் முழுவரிசை. காலையில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"நடுவுல மயக்கம் வந்தா என்னடி பண்ணுவ?" என்றேன்.

"கயிறைப் பிடிச்சுக்கிட்டே மயங்குவேன். நீ கீழ நின்னு பெருமைப்படு, அது போதும்."

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். சுற்று ஊர்களிலிருந்து முப்பது நாற்பது பேர் கேட்க வந்திருந்தார்கள். கெல்வேயும் வந்திருந்தார், கால்சட்டையில் சைக்கிள் கிளிப்போடு. நாலேகால் இருக்கும், வந்தவர்களில் யாரோ கோபுரம் இப்படிச் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டிருக்க வேண்டும், அவர் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து பேச ஆரம்பித்தார். கோபுரத்தைப் பற்றி என்றால் அவருக்குக் கூச்சம் போய்விடும். மேலே மணிகள் முழுவட்டமாகச் சுழன்று உருண்டுகொண்டிருந்தன. தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. நான் ஓரமாகப் பூக்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இதுதான் சாட்சி," என்று கண்ணாடியைக் காட்டினார். "கண்ணாடி வளையாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைஞ்சிடும். இது உடைஞ்சா கோபுரம் நடக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது. பாருங்க, அறுபத்தொண்ணுல நான் வெச்சது. பதினஞ்சு வருஷம். ஒரு கீறல் இல்ல."

என் கையிலிருந்த சாடி எப்படிக் கீழே விழாமல் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காக்கை இல்லை. துடைப்பக் கட்டை இல்லை. இரண்டு தடவை. இரண்டாவது தடவை ஆறு வாரம் முன்னால்.

எல்லோரும் நகர்ந்த பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். கெல்வேக்கு அப்போதே பார்வை மங்கல், அதை ஒத்துக்கொள்ளமாட்டார். என் கண் நல்ல கண். ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவில், மேலிருந்து கீழே, கோடு ஓடியிருந்தது. ஆறு வாரக் கண்ணாடியில்.

மேலே என் பெண் இருந்தாள்.

உடனே ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, பத்து நிமிஷம் இருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். முழுவரிசை கெடும், ஸிட்னி கத்துவார், நான் போலி எழுத்து எழுதியவள் என்று ஊரே பேசும். ஒருவேளை மூன்று மணி நேரமும் தாங்கிவிடும், அதற்குப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். மகள் மேலே இருக்கும்போது ஒரு தாய்க்கு இப்படியும் புத்தி போகும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் என்னை மன்னித்தது கிடையாது.

பிறகு கண்ணாடியின் ஒரு பாதி கழன்று அலமாரியின் மேல் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை, மணிச் சத்தத்தில்.

கெல்வே வாசல் மண்டபத்தில் ஒரு கிழவியிடம் பேசிக்கொண்டிருந்தார். சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அது உங்க கண்ணாடி இல்ல," என்றேன். "நான் வெச்சது. அறுபத்தொன்பதுல ஒரு தடவை உடைஞ்சுது, ஜூலைல ஒரு தடவை. காக்கான்னு நெனச்சேன். உங்க எழுத்தைப் பாத்து எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழவர்தான், ஆனால் தச்சர் வீட்டு எலும்பு, அலமாரி நகர்ந்துவிட்டது, உள்ளே சாடிகள் சரிந்து உடைந்தன. பின்னால் அதே விரிசல் அகலமாகக் கீழே இறங்கியிருந்தது. அவர் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டுவரை போனது. மேலே மணி உருளும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மூடி மூடித் திறக்குது," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "மேல எத்தனை பேர்?"

"எட்டு. கதவு தாழ் போட்டிருக்கு."

"வெளியில இருக்கிறவங்களைத் தெருவுக்குப் போகச் சொல்லுங்க. நீங்களும் போங்க."

"என் பொண்ணு மேல இருக்கா," என்றேன். பாதிரியாரிடம் ஒரே வரியில் சொல்லிக் கூட்டத்தை வெளியே தள்ளச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் சுழல்படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு படி. ஒரு ஆள் அகலம். உள்ளே மணிச் சத்தம் சத்தமாக இல்லை, எலும்புக்குள் இடித்தது. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினார், இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டு. சுவரிலிருந்து சாந்துப் பொடி அவர் தலையிலும் என் முகத்திலும் கொட்டியது. ஒரு படியில் அவர் நின்றுவிட்டார். விழப்போகிறார் என்று நினைத்து முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "போங்க" என்றேன். போனார்.

கதவை இடித்தார். மணிகள் நிற்கவில்லை. மறுபடியும் இடித்தார். உள்ளே ஸிட்னியின் குரல்: "எவன்டா அவன்? போடா அந்தப் பக்கம். இன்னும் இருபது நிமிஷம்தான். யாரும் கவனிக்காதீங்க, அடிங்க, அடிங்க."

"கோபுரம் நகருது. நிறுத்துங்க," என்று கெல்வே கத்தினார். அவர் குரலே சின்னக் குரல்.

"மூடு கெல்வே வந்துட்டார்யா," என்றார் ஸிட்னி. உள்ளே யாரோ சிரித்தார்கள். மணிகள் உருண்டன.

நான் அவரை ஒதுக்கிவிட்டுச் சாவித்துளையில் வாயை வைத்தேன்.

"ஹெஸ்டர். அம்மா பேசறேன். நிறுத்துடி."

ஐந்தாம் மணி தன் முறைக்குத் தவறாமல் அடித்தது.

"ஹெஸ்டர், கெஞ்சிக் கேட்டுக்கறேன். அந்தக் கண்ணாடி உடைஞ்சு போச்சு. நிறுத்து."

என் மகளிடம் நான் அதுவரை கெஞ்சியதில்லை. அவளுக்கு அது தெரியும். எட்டு மணிகளில் ஒன்று குறைவதைக் கேட்டேன். ஐந்தாவது. அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, அடுத்த சுற்றிலும் அதே பள்ளம், பிறகு மற்ற மணிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக் குழம்பி, ஒவ்வொன்றாக நின்றன. தாழ்ப்பாள் திறந்தது. ஸிட்னி முஷ்டியோடு வந்தார்.

"இரண்டே முக்கால் மணி நேரம்," என்றார். "இரண்டே முக்கால் மணி நேரம்யா. உன் கழுத்தை நெரிச்சா என்ன?"

"நெரிங்க," என்றார் கெல்வே. "கீழ போய். ஒவ்வொருத்தரா. ஓடாதீங்க, காலை ஓங்கி வைக்காதீங்க."

ஹெஸ்டர் என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கண்ணீர். எட்டாவது ஆள் இறங்கியபின்தான் அவர் என்னை இறங்க விட்டார். அவர் கடைசி.

வெளியே வந்தோம். வெயில் அடித்தது. கோபுரம் எப்போதும்போல் சாய்ந்துகொண்டு நின்றது. அரை மணி நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் சிரித்தான், இன்னொருவன் சீட்டியடித்தான், அதற்குப் பிறகு எல்லோரும் சாராயக்கடைக்குப் போய்விட்டார்கள். கெல்வே கோபுரக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தெரு ஓரத்தில் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் காரணம்," என்றேன்.

"எழுபத்தொண்ணுல அந்தச் சாந்து வெள்ளையா இருந்தது, மிஸஸ் ஸ்கீல்ஸ்," என்றார். "பத்து வருஷச் சாந்து அப்படி இருக்காது. ஒன்பதோட வாலை நான் அப்படி வளைக்கமாட்டேன். பாத்தேன். யாரோ மாத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. மாத்தினாங்கன்னா உடைஞ்சிருக்கு. உடைஞ்சிருந்தா என் புத்தகம் தப்பு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கப் பயந்துட்டேன். ஊரெல்லாம் மூடச் சொன்னவன், இதை மட்டும் நல்லதுன்னு எழுதிட்டுப் போனேன்."

எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அறையலாம் போலிருந்தது. அதே நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அவர் அந்தக் கல்லறையைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள், போகிற வழியில் அவரைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹெஸ்டர் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் இரண்டு பயம். விழுந்துவிடுமோ என்று ஒன்று. விழாமல் இருந்துவிடுமோ என்று இன்னொன்று. திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது, மாதக்கணக்கில் பெய்யாததையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. பிள்ளைகள் தெருவில் நனைந்து ஆடினார்கள். காய்ந்து வெடித்த மண் அத்தனையும் குடித்தது.

செவ்வாய் காலை, பத்தே கால். ஸிட்னி கயிறுகள் நனைகின்றன, எடுக்க வேண்டும் என்று சாவி கேட்டுத் தகராறு செய்துகொண்டிருந்தார். கெல்வே சாவியைக் கொடுக்கவில்லை. அப்போது மேலே பெரிய மணி ஒரு அடி அடித்தது, யாரும் இழுக்காமல். ஸிட்னி வாயைத் திறந்தபடி நின்றார். மேற்குச் சுவர் அடியில் வயிறு தள்ளியது, கோபுரம் அப்படியே உட்கார்ந்தது, மழைக்குள் இடி விழுந்தமாதிரி ஒரு சத்தம். மணியறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஹெஸ்டர் பால் கடை வாசலிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பல் கிட்டிப்போயிருந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

எட்டு உயிர் பிழைத்தது என்று யாராவது அவருக்கு நன்றி சொன்னார்களா? ஒரு வாரம் சொன்னார்கள். அப்புறம் அறுநூறு வருஷக் கோபுரம் போய்விட்டதே என்ற துக்கம் வந்தது, துக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பதினைந்து வருஷமாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது தெரியவில்லையா என்று கேட்டார்கள். முதலில் கேட்டது ஸிட்னி.

நவம்பரில் பேராயத்திலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். ஊர்க்கூடத்தில் நிற்க இடமில்லை. மேசைமேல் இடிபாட்டில் கிடைத்த ஒரு கல், அதில் பாதிக் கண்ணாடி, வெள்ளைச் சாந்து. நடுவில் இருந்தவர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சாந்து அறுபத்தொண்ணுல வெச்சது இல்ல, மிஸ்டர் கெல்வே. ஒரு வருஷம்கூட ஆகல. யார் மாத்தினது?"

"நான்தான்."

"எப்போ?"

"இந்தக் கோடைல. பழசு உடைஞ்சிருந்தது."

கூடம் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. நான் பின்வரிசையில், டீப் பாத்திரங்கள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"உடைஞ்சது தெரிஞ்சும் மூடச் சொல்லல?"

"இல்ல."

"எங்கேயும் குறிக்கல? உங்க அறிக்கையில ஒரு கமா தப்பினதா நாங்க பாத்ததில்லையே."

"வயசாச்சு," என்றார் கெல்வே. "அக்கறை குறைஞ்சு போச்சு."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவில் இருந்தவர் நம்பவில்லை, அது முகத்தில் தெரிந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"கோயில் சாவி வெச்சிருக்கிற அம்மா யாரு? இங்க இருக்காங்களா?"

தலைகள் திரும்பின. ஸிட்னி திரும்பினார். முன்வரிசையிலிருந்து ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள், என்னை நம்புகிற முகத்தோடு. நான் எழுந்தேன். எழுந்தபோது சொல்லத்தான் எழுந்தேன், அது சத்தியம்.

"நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்றார் அவர்.

"ரொம்ப நேரமாச்சு," என்றேன். "டீ கொண்டு வரட்டுமா? யார் யாருக்கு வேணும்?"